தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஃபைனல்

எங்கள் கேரம் கிளப்புக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. அதைக் கொண்டாடுகிற சாக்கில், இதுவரை ஜெயித்தவர்கள் பெயரையெல்லாம் புதுச்சுவரில் வரிசையாக எழுதி வைக்கலாம் என்று கமிட்டியில் ஒரு மகானுக்குத் தோன்றியது. அந்த மகான் நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் என்பார்களே, அதுதான் நடந்தது.

மற்ற வருஷங்களில் சிக்கல் இல்லை. தொண்ணூற்றெட்டில் வந்து மாட்டிக்கொண்டது. அந்த வருஷத்து ஃபைனலில் ஆடியவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் செங்குட்டுவன், இப்போது கிளப் செக்ரட்டரி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இன்னொருத்தி சொக்கம்மாள். கல்யாணமாகிக் காசிமேட்டுக்குப் போனவள், அங்கே மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்கிறாள். நான் தான் ஜெயித்தேன் என்று அவன் சொன்னான். நான் தான் ஜெயித்தேன் என்று அவளும் சொன்னாள். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. தொல்லையே அங்கேதான்.

சொக்கம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விம்கோ நகரில் எங்கள் கிளப்புக்குப் பின்னால் தான் அவள் வீடு. அவள் அப்பா கிளப்புக்கு டீ கொண்டுவந்து தருவார். டபுள்ஸ் ஆட நாலாவது ஆள் குறைகிற நாட்களில், டீ டம்ளரைப் பொறுக்க வந்தவளை உட்கார வைத்தோம். உட்கார வைத்ததுதான் தெரியும், அப்புறம் அவளை எழுப்ப முடியவில்லை. ஒட்டியிருக்கிற இரண்டு காயினைப் பிரித்து இரண்டு பாக்கெட்டில் அனுப்புவாள். வாயும் அப்படித்தான், ஒரே அடியில் இரண்டு பேருக்கு விழும். இருபது வயதில் எங்கள் ஆம்பிளைப் பசங்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு ஃபைனல் வரைக்கும் வந்தாள். அந்த மாசமே கல்யாணம். அதற்குப் பிறகு அவள் கேரம் போர்டைத் தொட்டதே இல்லை. ஏன் என்று கேட்டால், "அதான் ஜெயிச்சாச்சே, இன்னும் இன்னாத்துக்கு?" என்பாள். மாமியாரிடம் சொன்னாள், புருஷனிடம் சொன்னாள், பெற்ற மகளிடமும் சொன்னாள். மகள் காலேஜ் முடித்த பெண். அம்மா ஃபைனல் கதையை ஆரம்பித்தாலே, "ரெட் காயின ரிட்டர்ன்ல போட்ட, ஃபாலோ நச்சுனு உழுந்துச்சு, தெரியும்மா" என்று முடித்துவிட்டுப் போனைப் பார்ப்பாள். நம்புகிற மாதிரிப் பேச்சில்லை அது.

பெயர் எழுதப்போகிற விஷயம் காதில் விழுந்ததும் கூடையோடு கிளம்பிக் கிளப்புக்கே வந்துவிட்டாள்.

"இன்னா அறிவு, என் பேர எங்க எழுதப் போறீங்க? மேலயா கீழயா?"

செங்குட்டுவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். "சொக்கு, அந்த வருசம் நான் ஜெயிச்சேன். ஞாயித்துக்கிழமை டிவில ஊரே பாத்துச்சு."

"பீலா வுடாத. புதங்கெழம டிவில நான் ஜெயிச்சத நானே பாத்தேன். எதிர் வூட்ல குந்திகினு."

எனக்குத் தலை சுற்றியது. காரணம், நானும் பார்த்திருக்கிறேன். செங்குட்டுவன் கையை மேலே தூக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. ஒரே ஆட்டத்தில் இரண்டு பேரும் எப்படி ஜெயிக்க முடியும்? பழைய மெம்பர்களைப் பிடித்துக் கேட்டேன். பாதிப் பேர் அவன் என்றார்கள், பாதிப் பேர் அவள் என்றார்கள். ஒருவர் மட்டும் நான் ஜெயித்ததாகச் சொன்னார். அந்த வருஷம் நான் முதல் ரவுண்டிலேயே தோற்றவன். அம்பயராக இருந்த பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கிளப் பீரோவில் இருந்த கப்பும் பழைய காகிதங்களும் இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தோடு போயின. சுவரை வெள்ளையடித்து முடித்த பெயிண்டர் தினமும் போன் செய்து, "சார், அந்த ஒரு பேர் இன்னா ஆச்சு?" என்று உயிரை எடுத்தான்.

மிச்சம் இருந்தது டிவி ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கேபிள் டிவி நடத்தியவர் லோகநாதன் அண்ணன். சொந்தமாக ஒரு லோக்கல் சேனலும் வைத்திருந்தார், ஒற்றி டிவி என்று பெயர். மாடியில் ஒரு அறை, இரண்டு டெக், ஒரு மேஜை ஃபேன், அவ்வளவுதான் ஸ்டேஷன். பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, தேர்த் திருவிழா, கேரம் ஃபைனல் எல்லாம் அதில் வரும். கல்யாண வீடியோ எடுக்கிற கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அவரே வந்து எடுப்பார். கேபிள் தொழில் அடிபட்ட பிறகு இப்போது மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார்.

நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம்.

"அந்த கேசட்டா? கீது. எங்கியோ கீது" என்றார். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

வீட்டுப் பரணில் நாலு கோணி மூட்டை இருந்தது. கட்டை அவிழ்த்ததும் வந்த வாடையில் செங்குட்டுவன் வெளியே ஓடினான். கடல் காற்று உப்பும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கேசட்டுகள் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

"கலீஜ் பண்ணி வெச்சிகீறியே நைனா" என்றாள் சொக்கம்மாள். மீன்காரியே மூக்கைப் பிடித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய கொடுமை, பின்னால் கேசட்டுகளை ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவருடைய தொழில் முறை. லோகு அண்ணன் புதுக் கேசட் வாங்குகிற ஜாதி இல்லை. பழையதன் மேலேயே திரும்பத் திரும்பப் பதிவார். லேபிள் மேல் லேபிள் ஒட்டுவார், சில சமயம் ஒட்ட மறந்துவிடுவார். "தீமிதி" என்று எழுதியிருந்ததில் பட்டிமன்றம் இருந்தது. "எலக்‌ஷன் கூட்டம்" என்றதில் யாரோ ஒரு குழந்தை பக்கெட்டில் குளித்துக்கொண்டிருந்தது. "கேரம் 98" என்று கொட்டை எழுத்தில் எழுதியதைக் கண்டதும் நாங்கள் துள்ளிக் குதித்தோம். அதில் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு டப்பிங் படம்.

"ஏன்ணே இப்டி?" என்று அவர் கடைக்கே போய்க் கேட்டேன். அழுகை வராத குறை.

"எனக்கு இன்னாடா தெரியும், பின்னாடி நீங்கள்ளாம் வந்து கேப்பீங்கன்னு? ஓடின படத்த எவன் திரும்பக் கேப்பான்?"



அந்தக் கேசட்டுகளை ஓட்டிப் பார்ப்பதற்கே முதலில் ஆள் தேட வேண்டியிருந்தது. ராயபுரத்தில் ஜெபசிங் அண்ணாச்சி என்று ஒருவர், கல்யாண கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தருகிற கடை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மூட்டையைப் பார்த்ததும் கும்பிடு போட்டார்.

"இத அப்படியே டெக்ல போட்டா டெக்கும் போயிரும், கேசட்டும் போயிரும் பாத்துக்கிடுங்க. ஒவ்வொண்ணா தொறந்து தொடைக்கணும். பொறுமையா செய்யுதேன், அவசரப்படுத்தாதிய."

அவர் சொன்ன பொறுமை எங்களுக்குப் பழக்கமில்லாத பொறுமை. கேசட்டின் திருகாணிகளைக் கழற்றி, டேப்பைக் கையாலேயே மெல்லச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பூஞ்சையைத் துடைத்து, வேறொரு கேசட் கூட்டுக்குள் வைத்து மூடுவார். அப்புறம் டெக்கில் போட்டால் இரண்டு நிமிஷம் ஓடி ஹெட் அடைத்துக்கொள்ளும். டெக்கைத் திறந்து ஹெட்டைத் துடைப்பார். மறுபடி ஓட்டுவார். சொக்கம்மாள் ஏலம் முடிந்த கையோடு தினமும் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். திரையில் புள்ளி புள்ளியாக ஓடுகிற மழைக்குள் யாருடைய கல்யாணமோ, யாருடைய சாவோ தெரியும். இரண்டிலும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். "ஐய, நம்ம பூமாரி அக்கா, எவ்ளோ ஒல்லியா கீது பாரேன்" என்பாள். தன்னை மட்டும் எங்கேயும் காணோம்.

ஒருநாள் என்னிடம் தனியாகக் கேட்டாள். "அறிவு, ஒருவேள நான் ஜெயிக்கலியோ?"

"நீதானே சொல்ற, ஜெயிச்சேன்னு."

"அதான். நான் சொல்லிச் சொல்லியே எனக்கு அப்டி ஆயிடுச்சோன்னு கீது. நேத்து ராத்திரி படுத்துகினு யோசிக்கிறேன், அந்த ரெட்டு எந்தப் பாக்கெட்ல உழுந்துச்சுன்னே தெரியல. வலதா, எடதா? இத்தினி வருசம் சொல்லிகினு கீறேன், பாக்கெட்டு தெரியல."

அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. இந்தச் சுவர் யோசனையைச் சொன்ன என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது.

கடைசியில் கிடைத்தது "பவானி காதுகுத்து" என்ற கேசட்டில். பவானிக்கு மொட்டை அடித்தார்கள், காது குத்தினார்கள், அவள் அலறினாள், பந்தியில் பாயசம் ஊற்றினார்கள். பந்தி பாதியில் இருக்கும்போதே படம் ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த நொடி எங்கள் பழைய கிளப் ஹால்! காதுகுத்து நீளம் குறைவு. அது முடிந்த இடத்துக்கு அப்பால், அடியில் கிடந்த ஃபைனலின் வால் மட்டும் அழியாமல் தப்பியிருக்கிறது. அந்த வாலில் இருந்தது கடைசி போர்டு.

செங்குட்டுவனைப் போன் போட்டு வரவழைத்தோம், லோகு அண்ணனையும்தான். ஐந்து பேரும் அந்தச் சின்னக் கடைக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

திரையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். போர்டில் மிச்சம் மூன்றே காயின். சிவப்பு ஒன்று வலது மூலைப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில். அவளுடைய வெள்ளை ஒன்று இடது மூலையில். அவனுடைய கருப்பு ஒன்று நடுவில். அவள் ரெட்டைப் போட்டு, உடனே ஃபாலோவாக அந்த வெள்ளையையும் போட்டால் ஆட்டம் முடிந்தது, கப் அவளுக்கு. ஸ்ட்ரைக்கரை வைத்து விரலை மடக்குகிறாள்.

திரை கருப்பாகிவிட்டது.

"போச்சா?" என்று கத்தினேன்.

"டேப் ஓடுது அண்ணாச்சி. சத்தம் கேளுங்க" என்றார் ஜெபசிங்.

இருட்டில் கூட்டத்தின் சத்தம். கரண்ட் போயிருக்கிறது, கேமரா மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரோ விசில் அடிக்கிறார்கள். ஒருவர் மெழுகுவத்தி கேட்கிறார். அப்புறம் தடால் என்று ஒரு சத்தம், காயின்கள் தரையில் உருளுகிற சத்தம். "டேய், போர்ட தட்டி உட்டீங்களேடா!" என்று அம்பயர் பெரியவரின் குரல். செத்துப்போனவர் குரல் திடீரென்று கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகு அவர் தெளிவாகச் சொன்னார். "ஆட்டம் கலஞ்சிடுச்சு. இன்னிக்கு முடிவு கெடயாது. வர ஞாயித்துக்கெழம சாயங்காலம் ரெண்டு பேரும் வாங்க, புதுசா ஆடிக்கலாம்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

படம் முடியவில்லை. வெளிச்சம் திரும்பி வருகிறது. லோகு அண்ணனின் இளமைக் குரல் கேட்கிறது. "முடிவே இல்லாம நான் எப்டி டிவில போடறது? ஞாயித்துக்கெழம காலைலன்னு ஸ்க்ரோல் வுட்டுட்டேன். சும்மா கேமராவுக்கு ஒரு தபா ஆடுங்கப்பா." யாரோ குத்துமதிப்பாக மூன்று காயினை வைக்கிறார்கள், பழைய இடத்தில்கூட இல்லை. சொக்கம்மாள் அடிக்கிறாள், விழவில்லை. செங்குட்டுவன் ரெட்டும் கருப்பும் போட்டுக் கையைத் தூக்குகிறான். "குறுக்க எவனோ தல நீட்டிட்டான், இன்னொரு தபா" என்கிறார் லோகு அண்ணன். மறுபடி வைக்கிறார்கள். இந்தத் தடவை அவள் ரெட்டை எதிர்க் கட்டையில் மோதவிட்டு ரிட்டர்னில் போடுகிறாள், ஃபாலோவும் விழுகிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். டேப் அங்கே தீர்ந்தது.

எல்லாரும் லோகு அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம்.

"ரெண்டையுமா போட்டேன்?" என்று அவர் எங்களையே கேட்டார்.

மெல்ல மெல்லக் கணக்குக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை இருட்டு வந்த இடத்தில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று சிலைடு போட்டு மறைத்திருப்பார். கேமராவுக்காக ஆடிய முதல் ஆட்டம் முடிந்ததும் சினிமா போடுகிற நேரம் வந்து நிறுத்தியிருப்பார். புதன்கிழமை மறு ஒளிபரப்பில் இருட்டைத் தாண்டுவதற்காக டேப்பை ஓட்டியவர் கொஞ்சம் அதிகமாக, முதல் ஆட்டத்தையும் தாண்டி ஓட்டியிருப்பார். ஞாயிறு பார்த்தவனுக்குச் செங்குட்டுவன், புதன் பார்த்தவனுக்குச் சொக்கம்மாள். என்னை மாதிரி வேலையில்லாமல் இரண்டையும் பார்த்தவனுக்குப் பைத்தியம்.

"ஞாயித்துக்கெழம திரும்ப ஆடச் சொன்னாரே பெரியவரு, ஏன் ஆடல?" என்று செங்குட்டுவன் தன்னையே கேட்டுக்கொண்டான். பதிலும் அவனே சொன்னான். "டிவில வந்துடுச்சில்ல. நான் ஜெயிச்சிட்டேன்னு ஊரே தோள்ல தூக்குச்சு. டிவில வந்தப்பறம் எவன்டா போயி ஆடுவான்? எனக்கும் மறந்து போச்சு."

"எனக்குக் கல்யாண வேல, நானும் மறந்துட்டேன்" என்று சொக்கம்மாள் திரைப் பக்கம் திரும்பினாள். "அந்த இருட்டுக்கு முன்னாடி நிறுத்துங்க" என்றாள். ஜெபசிங் நிறுத்தினார். இரட்டைப் பின்னல், மடக்கிய விரல், மூன்று காயின். ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

"இத எவன் வேணா போடுவான் சொக்கு. ஆட்டம் உன்துதான்" என்றான் செங்குட்டுவன். அவன் அப்படிப்பட்டவன். "அறிவு, இவ பேரையே எழுதச் சொல்லு."

"போடலியே" என்றாள். "நான் இன்னும் போடலியே."

அப்போதுதான் செங்குட்டுவனுக்கு அந்த யோசனை வந்தது. இந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே மூன்று காயினையும் கிளப்பில் வைப்போம், விட்ட இடத்திலிருந்து ஆடுவோம் என்றான். சொக்கம்மாள் உடனே ஜகா வாங்கினாள். மீன் விற்றாகவில்லை என்றாள், கை மறந்துபோச்சு என்றாள், மகள் சிரிப்பாள் என்றாள். ராயபுரத்திலிருந்து திரும்பி வருகிற ஷேர் ஆட்டோவில் காசிமேட்டில் இறங்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். டோல்கேட் தாண்டும்போது தானாகவே ஆரம்பித்தாள்.

"ஏன் போர்டாண்ட போகலன்னு கேப்பியே. பயம்டா. ஜெயிச்சதோட உட்டாச்சு, அந்தப் பேரு அப்டியே இருக்கட்டும்னு. திரும்பக் குந்தி ஒரு ஆட்டம் தோத்தா, அது போயிடும்ல. மாமியார் வூட்ல, மார்க்கெட்ல எத்தினி பேர் எத்தினி பேசினாலும், போடி நான் சாம்பியன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அத்த வெச்சே ஓட்டினேன். இப்ப பாத்தா ஆட்டமே முடியலியாம்."

மேலே மெட்ரோ போகிற சத்தத்தில் அவள் குரல் உடைந்தது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வர ஞாயித்துக்கெழமன்னு சொல்லு அவன்கிட்ட" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. ஜெபசிங் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, ஸ்கேலும் கையுமாக நானே காயின்களை வைத்தேன். பெயிண்டர் வண்ண டப்பாவோடு ஓரமாக நின்றான். சொக்கம்மாள் மகளோடு வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்ட்ரைக்கரைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டாள். மறுபடி தொட்டாள். மகள் போனைப் பைக்குள் வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

அடித்தாள். ரெட் வலது பாக்கெட்டில் விழுந்தது. ஹால் ஓ என்று கத்தியது. இனி ஃபாலோ மட்டும்தான். இடது மூலையில் வாய் திறந்த பாக்கெட், அதன் உதட்டில் வெள்ளைக் காயின். குழந்தை ஊதினாலே விழும்.

ஸ்ட்ரைக்கரை வைத்து அடித்தாள். ஸ்ட்ரைக்கர் பக்கவாட்டில் உரசிவிட்டுப் போனது. வெள்ளை நகர்ந்து கட்டை ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

ஃபாலோ விழாததால் சட்டப்படி ரெட்டை எடுத்து நடுவில் வைத்தேன். இப்போது செங்குட்டுவன் முறை. அவன் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இன்னாத்த பாக்குற? ஆடுறா" என்றாள் சொக்கம்மாள். "வுட்டுக் குடுத்தியோ, பவுடர் டப்பாவ உன் தலைல கவுத்துடுவேன்."

அவன் ஒழுங்காக ஆடினான். ரெட் போட்டான். ஃபாலோவாகக் கருப்பையும் போட்டான். முடிந்தது. ஒரு கைதட்டல் இல்லை. எல்லார் கண்ணும் அவள் மேல்.

அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். மகள் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். சொக்கம்மாள் போர்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அவ்ளோதானா?" என்றாள் மகளிடம். "தோத்துட்டேன்டி. அவ்ளோதான். ஒண்ணும் ஆவல."

"சார், அப்ப செங்குட்டுவன்னு எழுதிடவா?" என்று பெயிண்டர் கேட்டான். "தொண்ணுத்தெட்டுலயா, இந்த வருசத்துலயா?"

எனக்கே தெரியாததை அவனுக்கு எப்படிச் சொல்வது? செங்குட்டுவனுக்கும் தெரியவில்லை. சொக்கம்மாளைக் கேட்கலாம் என்று திரும்பினால், அவள் எங்கள் பேச்சையே காதில் வாங்கவில்லை. பாக்கெட்டுகளிலிருந்தும் டப்பாவிலிருந்தும் காயின்களை அள்ளி நடுவில் கொட்டி, ரெட்டைச் சுற்றி வெள்ளையும் கருப்புமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"குந்துடா செங்குட்டு" என்றாள். "தோத்தவதான் மொதல்ல அடிக்கணும்."